முதல் பிரசவம் எந்த வயதில்?

இடது மார்பில் கட்டி தட்டுப்பட்ட பத்தாம் நாள், அடையாறில் ஒரு ஸ்கேன் சென்டரின் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பொய் சொன்னேன். மகள் நித்யா படிவத்தை மடியில் வைத்துக் கேள்விகளைப் படித்தாள்.

"வயசுக்கு வந்தது எப்பம்மா?"

"பதினொண்ணுல."

"முதல் பிரசவம் எந்த வயசுல? அது நான்தான், முப்பத்தொண்ணு. தாய்ப்பால் குடுத்தியா?"

"ஒன்றரை வருஷம்" என்றேன், கூசாமல்.

நித்யா என் வயிற்றில் பிறந்தவள் இல்லை. முறைப்படி தத்தெடுத்த பிள்ளை. ஊர் வாய்க்குப் பயந்து, நங்கநல்லூரில் அக்கா வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு, கைக்குழந்தையோடு மந்தைவெளிக்குத் திரும்பினேன். தி. நகரில் எங்கள் பிளவுஸ் துணிக் கடைக்கு வருகிறவர்கள், "அப்படியே உன்னை உரிச்சு வெச்சிருக்கா" என்பார்கள். இருபத்திரண்டு வருடத்தில் நானே அதை நம்பிவிட்டேன்.

இரண்டு வருடம் முன்பு எடுத்த மேமோகிராமில் (மார்பக எக்ஸ்ரே) கட்டி எதுவும் தெரியவில்லை. 'அடர்த்தியான மார்பகம்' என்று மட்டும் ஒரு வரி இருந்தது. முடி அடர்த்தி என்றால் நல்லதுதானே, இதுவும் அப்படித்தான் போல என்று பீரோவில் வைத்துப் பூட்டினேன். என்னைப் போல் அசடாக இருக்காதீர்கள்.

பயாப்ஸியில் (திசுவைச் சிறிது எடுத்துச் சோதிப்பது) புற்றுநோய் என்று உறுதியான பிறகுதான் டாக்டர் விளக்கினார். அடர்ந்த திசு படத்தில் வெள்ளையாகத் தெரியும். கட்டியும் வெள்ளைதான். வெள்ளைத் துணியில் வெள்ளைத் தையலைத் தேடுவது எவ்வளவு கஷ்டம் என்று என் கடையில் எல்லோருக்கும் தெரியும். அடர்த்தியே ஆபத்தையும் ஓரளவு கூட்டுமாம். உங்கள் ரிப்போர்ட்டில் அந்த வரி இருந்தால், அல்ட்ராசவுண்டும் தேவையா என்று கேளுங்கள்.

மார்பை எடுத்தார்கள். கீமோ (புற்றுநோய்க்கு நரம்பில் ஏற்றும் மருந்து) தொடங்கியது. முடி கொட்டியபோது அழவில்லை. நித்யா குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தன் மார்பைத் தடவித் தடவிப் பார்க்கிறாள் என்று தெரிந்த அன்றுதான் அழுதேன். அவளுக்கு வந்த வரனையும் வேண்டாம் என்றுவிட்டாள். "எனக்கும் வரும்மா. நாளைக்குப் பொறக்கற பிள்ளைங்களையும் எதுக்கு இதுல இழுத்துவிடணும்?"

டாக்டரிடம் தனியாக உண்மையைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"சீக்கிரம் வயசுக்கு வர்றது, பிள்ளை பெறாதது, பால் குடுக்காதது எல்லாம் ஆபத்தைக் கொஞ்சம் கூட்டும்மா. அதனாலதான் வந்துச்சுன்னு சொல்ல முடியாது. பெத்தவங்களுக்கும் வருது. உங்க சிகிச்சையும் மாறப்போறதில்லை. ஆனா அந்தப் பொண்ணு உங்க நோயைச் சுமந்துக்கிட்டு அலையறா. நீங்கதான் சொல்லணும்."

மறுநாள் மத்தியானம் அவள் எனக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள். "என்கிட்டேருந்து இது உனக்கு வராதும்மா" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அடுப்பை அணைத்தாள். சந்தோஷப்படுவாள் என்று எந்தப் புத்தியில் நினைத்தேனோ.

"அப்போ உன்கிட்டேருந்து எனக்கு எதுவுமே வரலையா?" என்றாள்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் தோழி வீட்டுக்குப் போனவள் நான்கு நாள் கழித்துத்தான் வந்தாள். வந்ததும் என் மாத்திரைகளை எடுத்துப் பிரித்து வைத்தாள்.

ஒரு வருடம் ஆகிறது. எனக்கு இப்போது காலம் ஒரு பரிசோதனையிலிருந்து அடுத்ததுவரைதான். போன வாரம் வலது பக்கத்துக்காக அதே தாழ்வாரம், அதே படிவம். முதல் பிரசவம் என்ற இடத்தில் என்னைக் கேட்காமலே 'இல்லை' என்று எழுதினாள். அடுத்த கேள்வியைப் படித்துவிட்டுக் காத்திருந்தாள்.

"பால் குடுத்தது?"

"இல்ல" என்றேன். "ஆனா ஒன்றரை வருஷம் இங்கதான் தூங்குன."

புடவைக்கு மேல் தட்டையாக இருந்த இடது பக்கத்தைத் தொட்டுக் காட்டினேன். நித்யா அந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு 'இல்லை' என்று எழுதினாள்.