எட்டில் இழுக்கும் வண்டி

மோட்டார் சைக்கிளை வேகமாக ஓட்ட யாருக்கும் வாத்தியார் தேவையில்லை. மெதுவாக ஓட்டத்தான் ஆள் வைத்துக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. இருபத்திரண்டு வருடமாக அந்த ஆள் இவர்தான். பயிற்சிப் பள்ளிக்குப் பின்னால் ஒரு மைதானம், தரையில் வெள்ளைப் பெயின்ட்டில் பெரிதாக ஓர் எட்டு. அதற்குள் நடக்கிற வேகத்தில், கோட்டைத் தொடாமல், காலை ஊன்றாமல் சுற்றிவர வேண்டும். அதைச் சொல்லிக்கொடுத்ததால் எட்டு வாத்தியார். சொந்தப் பெயர் மின்கட்டண ரசீதில் மட்டும் புழங்கியது.

அவருடைய பாடம் சின்னது. “ஆக்சிலேட்டரை முறுக்காதே. முறுக்கலாமான்னு யோசி. அது போதும், வண்டி தானா நகரும்.” முதல் நாள் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். பத்தாவது நாள் அவர்களுடைய வண்டி நகரும். வாத்தியாருக்கு அதில் ஒரு கர்வம் உண்டு. கர்வமே இல்லாதவர்போல நடந்துகொள்வதிலும் கொஞ்சம் கர்வம் உண்டு.

எட்டு மாதத்துக்கு முன் அவருடைய வண்டி அவருக்கே அடங்காமல் போயிற்று.

ஓடுகிற வேகத்தில் ஒன்றும் தெரியாது. எட்டுக்குள் நுழைந்து, ஆக்சிலேட்டரை மூடி, வளைவில் மறுபடி ஒரு மயிரிழை திறக்கும் இடத்தில்தான் சிக்கல். சீராகக் கிளம்பவேண்டிய வண்டி வெட்டி வெட்டி இழுத்தது. பிடித்த நிதானம் போய், கால் தரையைத் தேடியது.

முதல் மெக்கானிக் செயின்தான் காரணம் என்றார். செயின் மாறியது. இரண்டாமவர் பின் சக்கரத்துக்குள் இருக்கும் ரப்பர் தேய்ந்திருக்கிறது என்றார். பார்த்தால் தேய்ந்துதான் இருந்தது, அதுவும் மாறியது. மூன்றாமவர் கிளட்ச் தட்டுகளை மாற்றினார். நான்காமவர் பெட்ரோலைக் குறை சொன்னார். நாலு பேரும் திறமைசாலிகள். நாலு பேர் கையிலும் வண்டி முன்னைவிட நன்றாக ஆனது. இழுப்பது மட்டும் நிற்கவில்லை.

“இந்த வண்டிக்குப் பார்க்காத வைத்தியம் இல்ல. எனக்கு முட்டி வலிக்குதுன்னு ஒரு வருஷமா சொல்றேன், ஒரு தைலம் வந்துச்சா?” என்றாள் மனைவி. அவள் ஓர் ஆயத்த ஆடைக் கம்பெனியில் தர சோதனைப் பிரிவில் வேலை பார்த்தாள். நாள் முழுவதும் கோணல் தையலைக் கண்டுபிடிப்பதுதான் உத்தியோகம்.

“உன் முட்டிய வச்சா குடும்பம் ஓடுது?”

“இத்தனை நாளா அதுலதான் நின்னுட்டிருக்கு. ஓடுறதைப் பத்தி அப்புறம் பேசலாம்.”

விஷயம் விளையாட்டாக இருந்த காலம் போய்விட்டது. பயிற்றுநர்களும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை தேர்வில் தேறியாக வேண்டும். சொந்த வண்டியில், அதிகாரி முன்னால், மூன்று எட்டு. ஒரு கால் தரையில் பட்டாலும் பயிற்றுநர் அட்டை ரத்து. அந்தத் தேர்வு வியாழக்கிழமை. திங்கட்கிழமை விடியற்காலையில் ஆளில்லாத மைதானத்தில் பத்து முறை போட்டுப் பார்த்தார். ஆறு முறை கால் ஊன்றினார். ஏழாவதையும் சேர்க்கலாமா என்பதில் அவருக்கும் அவருக்கும் வாக்குவாதம். காலைச் சற்றே தொங்கவிட்டதை ஊன்றியதாகக் கொள்ளலாமா? வேறு ஒருவர் என்றால் யோசிக்காமல் ஃபெயில் ஆக்கியிருப்பார்.

ஐம்பத்து மூன்று வயது. வேறு தொழில் தெரியாது. மெதுவாகப் போகத் தெரியும் என்று சொல்லிக்கொண்டு எந்த வாசலில் போய் நிற்பது?

நான்காவது மெக்கானிக்தான் கைகழுவும்போது ஒரு வழி சொன்னார். “இது ஸ்பேனர் கேஸ் இல்ல சார். மூளைக் கோளாறு. வண்டியோட மூளையைச் சொல்றேன். டயர் கடைக்கு மேல ஒரு ட்யூனரம்மா இருக்காங்க, அந்த மூளையை அழிச்சுத் திருப்பி எழுதுறவங்க. அவங்ககிட்ட ரீஃப்ளாஷ் பண்ணிப் பாருங்க.”

டயர் கடையை ஒட்டிய சாய்தளத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு மேலே போனார். ரப்பர் வாடை வீசும் நீள அறை. ஒரு மேசை, இரண்டு கணினித் திரைகள், சுவரில் வகைவகையாகத் தொங்கும் வயர்கள். தரையில் ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை. எண்ணெய் இல்லாத மெக்கானிக் கடையை அவர் நம்பியதில்லை. ஆனால் நம்பிக்கை என்பது வேறு வழி உள்ளவர்களின் வசதி.

ட்யூனருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நோயாளி சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடாத டாக்டரைப்போலக் கேட்டாள்.

“அண்ணே, பழைய வண்டியில கேபிள் இருந்துச்சு. நீங்க முறுக்கினா அது இழுக்கும், நேரா திறக்கும். இதுல கேபிள் கிடையாது. நீங்க முறுக்குறது வெறும் விண்ணப்பம். எவ்வளவு திறக்கணும்னு முடிவு பண்றது இந்தப் பெட்டி.” சீட்டுக்கு அடியிலிருந்த தீப்பெட்டிக் கட்டு அளவிலான கறுப்புப் பெட்டியைத் தொட்டுக் காட்டினாள். “கம்பெனியில இதுக்குள்ள எழுதி அனுப்பின கணக்கு, ஆரம்பத்துல கொஞ்சம் அவசரக்குடுக்கை. அதை அழிச்சுட்டு சாந்தமா ஒண்ணு எழுதுறேன்.”

“எழுதினா இழுக்காதா?”

“இழுக்கக் கூடாது.”

இழுக்காது என்று அவள் சொல்லவில்லை என்பதை வாத்தியார் கவனித்தார். கவனித்ததை மறந்துவிடவும் முடிவுசெய்தார்.

பேட்டரியில் சார்ஜரை மாட்டினாள். பாதியில் மின்சாரம் போனால் பெட்டி செத்துவிடும் என்றாள். திரையில் ஒரு பச்சைக் கோடு நத்தையாக ஊர்ந்தது. பன்னிரண்டு சதவீதம், பதின்மூன்று. வாத்தியார் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“மூச்சு விடுங்கண்ணே, அதுக்கும் இதுக்கும் கனெக்‌ஷன் கிடையாது.”

முடிந்ததும் பின்னால் இருந்த மொட்டைத் தளத்தில் சுற்றிப் பார்த்தார். கொஞ்சம் தேவலை. ஆனால் வளைவில் அதே வெட்டு. அவள் கணக்கை இன்னும் சாந்தமாக்கினாள். மறுபடி பச்சைக் கோடு, மறுபடி மொட்டைத் தளம், மறுபடி வெட்டு. இறங்கி வந்தவரின் முகத்தைப் பார்த்துவிட்டு ட்யூனர் சாவிக்குக் கை நீட்டினாள்.

அவள் ஏறி ஓட்டினாள். தரையில் எட்டு இல்லை; அவளாகவே ஒன்றைக் கற்பனை செய்துகொண்டு, நடப்பதைவிட மெதுவாக, தண்ணீரில் மிதக்கிற மாதிரி இரண்டு சுற்று வந்து நிறுத்தினாள். வாத்தியார் கண்ணில், குறைசொல்ல ஓர் இடம்கூட இல்லாத ஓட்டம். அவரிடம் கற்றவள் என்றால் பெருமைப்பட்டிருப்பார்.

“உங்களுக்கு இழுக்கலையாம்மா?”

“இல்லையே.”

அவள் மேசைக்குப் போனாள். ஓடும்போது ஆக்சிலேட்டர் கைப்பிடி நின்ற நிலையை எல்லாம் பெட்டி பதிவுசெய்து வைத்திருக்குமாம். அவள் ஓட்டியது நீலக் கோடு, மெல்ல ஏறி மெல்ல இறங்கியது. அவர் ஓட்டியது சிவப்புக் கோடு. அதற்கு ரம்பத்தைப்போலப் பற்கள் இருந்தன.

“சென்சார் அவுட்டு. பார்த்தீங்களா? சென்சார்தான். நாலு பேரும் இதைப் பார்க்காம விட்டுட்டாங்க” என்றார் வாத்தியார். எட்டு மாதத்தில் இவ்வளவு சந்தோஷமாக அவர் எதையும் சொன்னதில்லை.

அவள் அலமாரியிலிருந்து வேறொரு சென்சாரை எடுத்துக் கைப்பிடியில் மாட்டினாள். எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பினாள். “சும்மா பிடிச்சு, ஒரு துளி திறந்து வச்சுக்கோங்க. திரையைப் பாருங்க.”

பிடித்தார். திரையில் எண் வந்தது. மூன்று. ஐந்து. மூன்று. ஆறு. நான்கு. நிற்காமல், வினாடிக்கு நாலைந்து தடவை மாறிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வருடம் ஊராருக்குச் சொன்ன பாடத்தைத் தன் கைக்குச் சொன்னார். முறுக்காதே, யோசி. கை யோசிக்கவில்லை. இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். எண்ணின் ஆட்டம் குறைந்தது. விட்டார். மறுபடி மூன்று, ஆறு, மூன்று.

கீழே டயர் கடையில் காற்று அடிக்கிற சத்தம் கேட்டது.

“வண்டி நல்லா இருக்குண்ணே” என்றாள் ட்யூனர். அவள் தொழிலில் இதைவிட நல்ல செய்தி கிடையாது. அதைச் சொல்லிவிட்டு அவள் தரையைப் பார்த்தாள். “டாக்டர் யாரையாவது…”

“இதை மறைக்க முடியுமா?”

“என்னது?”

“கை ஆடுறது பெட்டிக்குத் தெரியாத மாதிரி. எழுதலாம்ல? நீங்கதானே சொன்னீங்க, நான் முறுக்குறது வெறும் விண்ணப்பம்னு. விண்ணப்பத்தைக் கொஞ்சம் நிதானமாப் படிக்கச் சொல்லுங்க.”

அவள் சாவியைத் திருப்பி அணைத்தாள். “முடியும். கை சொல்றதை உடனே கேட்காம, சராசரி எடுத்து, லேட்டா கேட்குற மாதிரி எழுதலாம். ஆனா திறக்குறதை மட்டும் லேட் பண்ணினா பத்தாது, மூடுறதையும் பண்ணணும். நீங்க கையை விட்ட பிறகும் வண்டி ஒரு கணம் போயிட்டேதான் இருக்கும். குறுக்க ஆள் வந்தா? மாட்டேன்ணே.”

“மைதானத்துல யாரும் குறுக்க வர மாட்டாங்க. மூணு எட்டும்மா. அவ்வளவுதான்.”

“அப்புறம்?”

“அப்புறம் மூணு வருஷத்துக்கு யாரும் கேட்க மாட்டாங்க.”

“நான் அதைக் கேட்கலை.”

வாத்தியார் யாரிடமும் கெஞ்சிப் பழகியவர் இல்லை. பழகாதவர்கள் கெஞ்சுவது பார்க்கச் சகிக்காது. எங்கே நிறுத்துவது என்று அவர்களுக்குத் தெரியாது. அவர் பயிற்சிப் பள்ளியைப் பற்றிச் சொன்னார், வயதைச் சொன்னார், தன் கையில் தேறிப்போனவர்கள் தொகையைச் சொன்னார், மனைவியின் முட்டியைக்கூட விடவில்லை. கடைசியில் சொல்ல ஒன்றும் இல்லாமல், “எனக்கு வேற ஒண்ணும் தெரியாதும்மா” என்று நின்றார். அவள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

“ரோட்டுல ஒரு அடி ஓட்டக்கூடாது. லோடு ஆட்டோவுல ஏத்திட்டுப் போய், மூணு எட்டு போட்டு, அதே ஆட்டோவுல இங்க திரும்பணும். அழிச்சிடுவேன். செஞ்சது நான்னு வெளிய வரக்கூடாது.”

“வராது.”

“டாக்டர்கிட்ட போவீங்களா?”

“போவேன்” என்றார், போகப்போவதில்லை என்ற உறுதியோடு.

வியாழக்கிழமை மனைவியும் விடுப்பு எடுத்துக்கொண்டு லோடு ஆட்டோவின் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். வண்டி ஓட்டுகிறவர் வண்டியை ஏன் சுமந்துகொண்டு போகிறார் என்று அவள் கேட்கவில்லை. போக்குவரத்து அலுவலக மைதானத்தில் காத்திருந்த தேர்வு அதிகாரி ஒரு காலத்தில் வாத்தியாரிடமே எட்டு கற்றவர். எழுந்து நின்று வணக்கம் சொன்னார்.

“உங்களுக்கு நான் டெஸ்ட் வைக்கிறதா சார்? காலக் கொடுமை.”

“வைங்க, வைங்க. விட்டுக்கொடுத்துடாதீங்க.”

கறுப்புப் பெட்டி தன் வேலையைச் செய்தது. கை கைப்பிடியில் ஆடியது. வண்டி அதைக் காதில் வாங்காமல் கோடுகளுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போனது. முதல் எட்டு. இரண்டாவது எட்டு. மூன்றாவதில் வாத்தியார் தன்னையறியாமல் புன்னகைத்தார். பின்னால் வரிசையில் நின்றவர்களில் யாரோ கைதட்டினார்கள். இவ்வளவு நேர்த்தியாக அவர் நல்ல கையோடுகூட ஓட்டியதில்லை என்பது அவருக்கே தெரிந்திருந்தது.

“பிரமாதம் சார். உள்ள வாங்க, ஒரு கையெழுத்து” என்றார் அதிகாரி.

பதிவேட்டைப் பிரித்து வைத்தார். போன தேர்வின் கையெழுத்து மேலே இருந்தது, கம்பீரமாக. அதற்குக் கீழே மூன்று இடத்தில் அதே மாதிரி போட வேண்டும். வாத்தியார் பேனாவை எடுத்தார். இத்தனை திட்டம் போட்டவருக்கு இது ஞாபகத்துக்கு வரவே இல்லை. இந்த எட்டு மாதத்தில் பள்ளியின் ரசீதுகளுக்கெல்லாம் ரப்பர் முத்திரையே போதும் என்று வைத்திருந்தார். அதைச் சிக்கனம் என்று நினைத்திருந்தார்.

முதல் எழுத்து புழுவைப்போல நெளிந்தது. நிறுத்தினார். பேனாவில் மை சரியில்லை என்றார். அதிகாரி வேறு பேனா தந்தார். இரண்டாவது இடத்தில் கோடு கட்டத்தைத் தாண்டி ஓடியது. இடது கை தானாக வந்து வலது மணிக்கட்டைப் பிடித்தது. அப்படியே நிமிர்ந்து பார்த்தார். அதிகாரி கையெழுத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எவ்வளவு நாளா சார்?”

வண்டியைப் பற்றிக் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறதா என்று வாத்தியார் தேடினார். இல்லை.

“எட்டு மாசம்.”

அதிகாரி பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பினார். மூன்றாவது கட்டம் காலியாகவே இருந்தது. “அட்டை இங்கேயே இருக்கட்டும் சார். டாக்டர் சீட்டோட வாங்க, அப்புறம் பார்க்கலாம்.” ‘அப்புறம்’ என்ற சொல்லை அவர் மரியாதைக்காகச் சேர்த்தார். அது இருவருக்கும் தெரிந்திருந்தது.

லோடு ஆட்டோ அருகில் மனைவி நின்றிருந்தாள். “கைதட்டினாங்களே. என்ன ஆச்சு?”

“பாஸ். அட்டை தரலை.” பிறகு, சண்டைக்கு இழுப்பவர்போல, “கை நடுங்குதாம்” என்றார்.

“ம்.”

“என்ன ம்? உனக்குத் தெரியுமா?”

“எட்டு மாசமா தினம் காலைல உங்க காலர் பொத்தானை யார் போட்டு விடுறாங்க? மெக்கானிக்கா?”

அதை அவர் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். பாசமாகவும் இருக்கலாம், அதைப் பிரித்துப் பார்க்கிற தெம்பு இப்போது இல்லை.

“சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா அடுத்த நாள் ஹேண்டில்பார மாத்தியிருப்பீங்க.” அவள் கைப்பையிலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்தாள். மேலே எழுதியிருந்த தேதி அடிக்கப்பட்டிருந்தது, அதன் கீழ் இன்னொன்று, அதுவும் அடிக்கப்பட்டு இன்னொன்று, இப்படி நான்கு அடித்தல்கள். “நரம்பு டாக்டர். நாலு தடவை தள்ளிப் போட்டாச்சு. இனிமே தள்ளினா பெயரை எடுத்துடுவாங்களாம். நாளைக்கு எட்டரைக்கு.”

வாத்தியார் அந்தத் தேதிகளைப் பார்த்தார். அடித்த கோடுகள் எல்லாம் நேராக இருந்தன.

“எட்டரைன்னா ஏழரைக்கே கிளம்பணும்” என்றாள் மனைவி. “ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடிச்சாதான் சரியா வரும்.”

பஸ்ஸா என்று கேட்க வாயெடுத்தவர் கேட்கவில்லை. ஆட்டோவில் ஏறுவதற்காக அவள் கை கொடுத்தாள். முட்டி வலிக்காரி அவள்தான். ஏற்றிவிட வேண்டியவர் அவர்தான். ஆனாலும் பிடித்துக்கொண்டு ஏறினார்.