வைக்கோல் வாசத்தோடு ஜெர்மனிக்கு

நேற்றுக் காலை எங்கள் வீட்டிலிருந்து ஒருவர் ஜெர்மனிக்குக் கிளம்பினார். பெயர் மணி. நாலு கால், ஒரு வால். அசல் நாட்டு நாய்.

மணி என் தங்கை செல்வி வளர்த்தவன். ஜெர்மனியில் நர்ஸ் வேலை கிடைத்து ஐந்து மாதம் முன்னால் போனவள், தினமும் வீடியோ காலில் என்னைப் பார்ப்பதற்கு முன் அவனைத்தான் பார்ப்பாள். கூடவே அழைத்துப்போக வேண்டியதுதானே என்கிறீர்களா? முதலில் கழுத்தில் சிப், பிறகு ரேபீஸ் ஊசி, பிறகு ரத்தப் பரிசோதனை, அதற்கும் பிறகு மூன்று மாதக் காத்திருப்பு... வரிசை மாறினால் மறுபடி முதலிலிருந்து! என் பாஸ்போர்ட்டுக்குக்கூட நான் இப்படி அலைந்ததில்லை.

எல்லாம் முடிந்து பெட்டி வந்தது. விமானத்தில் அவன் அதற்குள்தான் போக வேண்டும். தானாக நுழைந்து அமைதியாகப் படுக்கப் பழக்குங்கள், முரண்டு பிடித்தால் ஏற்ற மாட்டார்கள் என்றார், அவனை அனுப்பிவைக்க ஏற்பாடு செய்த ஏஜென்ட். கையில் இருந்ததோ பத்து நாள்.

உள்ளே கறி வைத்தேன். பின்னங்கால் இரண்டையும் வெளியிலேயே ஊன்றிக்கொண்டு, கழுத்தை மட்டும் நீட்டித் தின்றுவிட்டு ஓடிவிட்டான்.

அப்போதுதான் மூளை வேலை செய்தது. அவன் தூங்குவது கொல்லையில் வைக்கோல் போர் ஓரமாக. இரண்டு கை வைக்கோலை அள்ளிப் பெட்டியில் பரப்பினேன். நுழைந்தான், மூன்று சுற்று சுற்றினான், படுத்தான்! எனக்குத் தலைகால் புரியவில்லை. வீடியோ எடுத்து ஏஜென்டுக்கு அனுப்பினேன்.

உடனே போன் வந்தது. “சார், வைக்கோலை அந்த நாட்டுக்குள்ள விடமாட்டாங்க. ஒரு துரும்புகூட இருக்கக் கூடாது.”

நெல் விளைகிற ஊர்க்காரன் வேறெப்படி யோசிப்பான்? எங்கள் நன்னிலத்தில் எதற்கும் வைக்கோல்தானே மெத்தை!

வைக்கோலை எடுத்ததும் பழையபடி ஓட்டம். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது, என் மனைவி ரேவதிதான் கேட்டாள்.

“ஏங்க, அவன் வைக்கோலையா தேடுறான்? வாசத்தைத்தானே தேடுறான். உங்க பழைய வேட்டி ஒண்ணு எடுங்க.”

வேட்டியை நாலு நாள் வைக்கோல் போருக்குள் சொருகி வைத்தோம். எடுத்து உதறி, ஒட்டியிருந்த துரும்பையெல்லாம் பொறுக்கி, பெட்டியில் விரித்தோம். மணி முகர்ந்தான். முன்னங்கால் போனது... பின்னங்காலும் போனது... மூன்று சுற்று... படுத்தே விட்டான்! ரேவதி கைதட்டினாள். வீடியோவில் செல்வி அழுதுகொண்டே சிரித்தாள்.

நேற்று ஏர்போர்ட் போக வண்டி வந்தது. பெட்டிக் கதவைத் திறந்தேன். யாரும் சொல்லாமலே மணி உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான்.

பத்து நாளாக ‘உள்ளே போடா’ என்று கெஞ்சியவன் நான்தான்... ஆனாலும் நேற்று ஒரு தடவையாவது அவன் அடம்பிடித்திருக்கலாம்!