இரண்டு சரித்திரப் புத்தகங்களும் ஒரு கொட்டகையும்

மைசூரில் எலிகள் செத்து விழத் தொடங்கியதும் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். எங்கள் தெருவையே காலி செய்து, ஊருக்கு வெளியே மைதானத்தில் போட்டிருந்த மூங்கில் தட்டிக் கொட்டகைகளுக்கு அனுப்பினார்கள். எனக்கு அப்போது பத்து வயது. பிளேக்குக்குப் பயந்ததைவிட, ஒரே மகள் படிப்பை மறந்துவிடுவாளே என்றுதான் அப்பா அதிகம் பயந்தார்.

"கணக்கை எந்தப் புஸ்தகத்துல வேணும்னாலும் படிக்கலாம். சரித்திரம் மட்டும் கிறிஸ்தவ சரித்திரமா இருக்கணும்" என்றார்.

அம்மாவும் தலையாட்டினாள். அதுதான் வினை. அப்பா புராட்டஸ்டன்ட். அம்மாவோ கொள்ளேகாலத்துக்கு அப்பால், மாதேஸ்வரன் மலைக்குப் போகும் வழியில் இருந்த ஒரு தமிழ்க் கத்தோலிக்க கிராமத்துப் பெண். அந்தக் கல்யாணத்துக்கு இரண்டு தரப்புக் குருமார்களும் சம்மதிக்கவில்லை. அதனாலேயே இரண்டு தரப்பும் எங்கள் ஆத்துமாக்களை விடாமல் விசாரித்து வந்தன.

அப்பா தன் போதகரிடமிருந்து தடித்த புத்தகம் ஒன்றை வாங்கிவந்தார். அம்மா தன் மாதா கோயில் சாமியாரிடமிருந்து அதைவிடத் தடித்ததாக ஒன்று வாங்கிவந்தாள். காலையில் ஆபீசுக்குக் கிளம்புமுன் அப்பா பாடம். மத்தியானம் அம்மா பாடம். அப்பா புத்தகத்தில் தேவன் உலகத்தைப் படைத்தார். அம்மா புத்தகத்தில் சர்வேசுரன் படைத்தார். "அவங்க ரெண்டு பேரா?" என்று கேட்டேன். இருவரும் சேர்ந்தே திட்டினார்கள்.

வெள்ளம், பேழை, எகிப்து, ரோம் என்று புத்தகங்கள் இரண்டும் கைகோத்தே நடந்தன. பிறகு ஜெர்மனியில் ஒரு துறவி போப்பை எதிர்த்தார். காலையில் அவர் இருளை நீக்க வந்த தீபம். மத்தியானம் பெருந்தீனிக்காரர், குடிகாரர், பிசாசின் சிநேகிதர்.

"ஏனுங்க, சாமியாரு பொய்யான புஸ்தகம் குடுப்பாருங்களா?"

"அப்போ போதகர் குடுப்பாராக்கும்?"

பக்கத்துக் கொட்டகையில் மேல்கோட்டைப் பூர்வீகத்து ஐயங்கார் ஒருவர் இருந்தார். ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். இரண்டு சபையையும் சேராதவர் என்பதால் நடுவராக இருக்கத் தகுந்தவர். அவர் இரண்டு புத்தகங்களையும் மூன்று நாள் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"ரெண்டையும் படிச்சேன். இங்கிலாந்து ராஜாவோட பொண்டாட்டிகள் பேரெல்லாம் வரிசையா இருக்கு. நம்ம மைசூர் எங்கே ஸ்வாமி?"

தேடினோம். அப்பா புத்தகத்தில் ஐந்து வரி: ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது தேவசித்தம். அம்மா புத்தகத்தில் நான்கு வரி: சுல்தான் காலத்தில் விசுவாசிகள் பட்ட பாடு. அவ்வளவுதான்.

அவர் போனதும் அப்பா, "அஞ்ஞானிக்கு என்ன தெரியும்?" என்றார்.

"அதானுங்க. மைசூர் பேரு இருந்தாத்தான் சரித்திரமாக்கும்?" என்றாள் அம்மா.

அன்றோடு சண்டை தீர்ந்தது. துறவி வரும் பக்கங்களை மட்டும் இரண்டு புத்தகங்களிலும் அம்மா ஊசிநூலால் தைத்து மூடினாள். தையல் இடுக்கில் கண்ணை வைத்துப் படித்ததால், எனக்கு இன்றுவரை மறக்காத பாடம் அதுதான்.

பள்ளிக்கூடம் திறந்ததும் ஆசிரியை, மைசூரின் சரித்திரத்தைச் சொல் என்று கன்னடத்தில் கேட்டார். நான் ஜலப்பிரளயத்திலிருந்து தொடங்கினேன். தண்ணீர் வடிவதற்குள் என்னை ஒரு வகுப்புக் கீழே இறக்கிவிட்டார்கள்.

அந்த வகுப்புப் புத்தகத்தில், துவாரகையிலிருந்து வந்த இரண்டு சகோதரர்கள் தெய்வ அருளால் மைசூர் ராஜ்யத்தைப் பெற்றார்கள். அப்பா வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"இது சரித்திரமா? கட்டுக்கதை!"

"சாமியே வந்து வழி காட்டுச்சாமா! இதையும் நம்பறாங்க பாருங்க" என்று அம்மா சிரித்தாள்.

நான் அதை வரி விடாமல் மனப்பாடம் செய்தேன். வருடக் கடைசியில் சரித்திரத்தில் நான்தான் முதல். அப்பா தன் சபையிலும் அம்மா தன் கோயிலிலும், கணக்கில் நான் வாங்கிய மார்க்கை மட்டும் சொல்லிக்கொண்டார்கள்.