சுடர் அசையாத வாய்

மெழுகுவர்த்தியை ஊதி அணைத்ததும் எழுகிற அந்தப் புகை வாசனை மூக்கில் ஏறினால், பிறந்தநாள் வீடு என்றும் பாராமல் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். மாட்டுங்காவில் ஒரு மாடி வீட்டில் 'மிஸ்' நடத்திய ஆங்கில உச்சரிப்பு வகுப்பில், தாராவியிலிருந்து போன என் வாய்க்கு முன்னால் ஒரு மழைக்காலம் முழுக்க மெழுகுவர்த்தி எரிந்தது. 'பீட்டர்' என்று சொன்னால் சுடர் ஆட வேண்டும், ஆடினால்தான் ஆங்கிலம். நான் எத்தனை பீட்டர்களை அழைத்தும் அது அசையவில்லை. தமிழ் பேசும் உதட்டுக்கு அவ்வளவு காற்றைச் செலவழிக்கும் பழக்கம் கிடையாது என்று இப்போது தெரிகிறது. அப்போது நான் மந்தம் என்று மட்டும் தெரிந்தது.

மிஸ் குற்றவாளியைக் கண்டுபிடித்தார். என்னைக் கூட்டிப்போக வந்த அப்பாவிடம், "ஆத்துல நீங்க பேசாம இருந்தேள்னாலே பாதி சரியாயிடும். உங்க பேச்சுதான் குழந்தை நாக்குல ஒட்டிண்டிருக்கு" என்றார், சிரித்தபடி, நான் பக்கத்தில் நிற்கும்போதே.

அப்பா தோல்பை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தார். சாப்பிட உட்கார்ந்தால் பட்டறை சேட்டும், லோக்கல் ரயிலில் இடத்துக்குச் சண்டை போட்டவனும் அவர் வாய்வழியாக எங்கள் ஒற்றை அறைக்குள் வந்துவிடுவார்கள். அன்று யாரும் வரவில்லை.

"என்ன, பையோட சேத்து வாயையும் தச்சிட்டியளா?" என்றாள் அம்மா.

"நம்ம பேச்சு பயலுக்கு ஒட்டிரக் கூடாதுளா."

என் காதுபட அவர் சொன்ன கடைசி முழு வாக்கியம் அதுதான். பிறகு எனக்குக் கிடைத்தவை 'ம்', 'சரி', 'சாப்ட்டியா'.

மழை ஓய்வதற்குள் சுடர் ஆடியது. மிஸ் கைதட்டினார். "வகுப்புதான் முடிஞ்சிட்டுல்லா, இனிப் பேசுங்களேன்" என்று அம்மா கெஞ்சியும், என்னைக் கண்டால் அப்பாவுக்கு வாய் தானாக மூடிக்கொண்டது. நான் அந்த நாக்கை வைத்து விளம்பரங்களுக்குக் குரல் கொடுத்துப் பிழைக்கிறேன். எந்த ஊர்க்காரன் என்றே தெரியாத குரல் என்று பாராட்டுகிறார்கள். எனக்கும் தெரியவில்லை.

போன மாதம், செம்பூரில் என் மகள் போய்க்கொண்டிருந்த 'ஆக்சென்ட்' வகுப்பு. மெழுகுவர்த்தி இல்லை; சரியாக உச்சரித்தால் திரையில் பச்சைக்கோடு துள்ளுகிறது. சொல்லித்தரும் இளைஞன், "சார், கர்மே, வீட்ல பாப்பா தாத்தாகூட தமிழ் பேசறத கொஞ்சம் கம்மி பண்ணிடுங்க, பஸ், அவ்ளோதான்" என்றான்.

"என் அப்பன் வாயை இன்னொரு தடவை மூடச் சொல்ல நீ யாருடா?" என்று கத்தினேன். அந்தக் கோபம்கூட, பற்பசை விளம்பரம்போல அவ்வளவு துல்லியமாக வந்து தொலைத்தது. "வாய்ஸ் சூப்பர் சார்" என்றான் அவன். மகளை அன்றே நிறுத்திவிட்டேன்.

தாராவியில் அந்த ஒற்றை அறை இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. மிஸ்ஸின் வீடும் இல்லை. மாலையில் செம்பூர் வீட்டு வாசலுக்கு வந்தால் உள்ளே மகளின் குரல்: "ஃபிர்ஸே தாத்தா, இன்னொரு தடவை! சேட் எப்படிக் கத்துனாரு?"

"ஏட்டி, சிரிச்சே என்னயக் கொல்லுத. கேளு, சொல்லுதேன்..."

சாவி கையில்தான் இருக்கிறது. அது திரும்பும் சத்தம் கேட்டால் அவர் நிறுத்திவிடுவார். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சேட்டு கத்தி முடிக்கும்வரை வெளியே நிற்கிறேன்.