சுகிர்தாவைப் போலவே ஒருவர்

முதலில் சாவிக்கொத்து கை நழுவி விழுந்தது.

சிற்றாலயத்தின் பிரசங்க பீடத்தைக் கல்லூரி மாணவர்கள் சிலருக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். பேச்சின் நடுவே என் இடது கை தானாக மடங்கி ஒரு வெட்டு வெட்டியது. அதே நொடியில் இடது கன்னமும் வாயோரமும் யாரோ நூல் கட்டி இழுத்ததுபோல் மேலேறி இறங்கின. வலி இல்லை. கண் சிமிட்டும் நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு மாணவி சாவியை எடுத்துக் கொடுத்து, “அங்கிள், ஓகேவா?” என்றாள். “ஒண்ணுமில்லம்மா, வயசு” என்று சிரித்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது, அல்லது உங்கள் வீட்டுப் பெரியவருக்கு, இப்படி ஒரு வெட்டு வந்தால் என்னைப் போல வயதின் மேல் பழி போட்டுவிட வேண்டாம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நானும் என் மனைவி சுகிர்தாவும் பணி ஓய்வுக்குப் பின் மிஷனரி ஊழியத்துக்குப் போனவர்கள். நான் தாம்பரத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். அவள் தபால் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். வடக்கே எங்காவது மலைப்பகுதிக்கு அனுப்புவார்கள் என்று நினைத்துக் கம்பளிகூட வாங்கி வைத்திருந்தோம். சபை எங்களை அனுப்பியது பெருங்களத்தூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு பாறைக்குன்றுக்கு.

குன்றின் மேல் வெள்ளைக்காரர் காலத்துக் கற்கோயில் ஒன்று. பக்கத்தில் ஓட்டு வீடு, அதில்தான் நாங்கள். வீட்டுக்குப் பின்னால் பழைய கல்லறைத் தோட்டம். அதன் மதிலைத் தாண்டினால் கைவிட்ட கல்குவாரி. குன்றின் பின்பாதியை வெட்டி எடுத்துப் போய்விட்டார்கள். அந்தப் பள்ளத்தில் பச்சையாகத் தண்ணீர் நின்றது. அங்கே ஒரு சொல் சொன்னால் சற்றுத் தாமதித்து அது திரும்பி வரும். வாசலிலிருந்து பார்த்தால் தூரத்தில் புது அடுக்ககங்கள் தெரியும், ஜி.எஸ்.டி. சாலையின் இரைச்சல் காற்றோடு வரும். ஆனால் மண்சாலையில் ஆட்டோக்காரர்கள் ஏற மாட்டார்கள். ஊரைப் பார்த்தபடியே ஊருக்கு வெளியே இருந்தோம்.

காலையில் கோயிலைத் திறந்து, மணியடித்து, இருவரும் வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசிப்போம். சுகிர்தா கல்லறைகளின் மேல் விழுந்த வேப்பிலைகளைக் கூட்டுவாள். கீழே குடியிருந்த அஞ்சலை வந்து பெரிய வேலைகளைச் செய்து தருவாள். சனி ஞாயிறுகளில் பார்வையாளர்கள் வருவார்கள். கல்யாணத்துக்கு முன் படம் எடுக்க வரும் ஜோடிகளும் உண்டு. கல்லறைமேல் சாய வேண்டாம் என்று அவர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டும். மற்ற நாட்களில் நாங்கள் இருவர் மட்டும்தான். எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

கை வெட்டுவது அடிக்கடி வரத் தொடங்கியது. சாப்பிடும்போது சோறு சிதறும். ஜெபத்தின் நடுவே வேதாகமம் கீழே விழும். பக்கத்து மருத்துவர் நரம்புத் தளர்ச்சி என்று சத்து மாத்திரை கொடுத்தார். ரத்தப் பரிசோதனையில் சோடியம் (உடலின் நீர்ச்சமநிலையைக் காக்கும் உப்பு) மிகவும் குறைந்திருந்தது. ரத்த அழுத்த மாத்திரையை மாற்றி, சாப்பாட்டில் உப்பைக் கூட்டச் சொன்னார்கள். உப்பு ஏறவில்லை. நான் சொன்னதையே திரும்பச் சொல்கிறேன் என்றாள் சுகிர்தா. ஒரு ஞாயிற்றுக்கிழமை கர்த்தருடைய ஜெபத்தின் பாதியில் அடுத்த வரி எனக்கு வரவில்லை.

இதற்குப் பிறகு நடந்தவற்றில் பல எனக்கு நினைவில்லை. அவை சுகிர்தாவும் எங்கள் மகள் ரூபாவும் சொன்னவை. ஆனால் சிலவற்றைத் தெளிவாக நினைவு வைத்திருக்கிறேன். அவை எல்லாமே ஒரு பெண்மணியைப் பற்றியவை.

ஒரு காலை வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். சுகிர்தா காபி கொண்டுவந்து கொடுத்தாள். டம்ளரை வாங்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தேன். அது சுகிர்தா இல்லை.

சுகிர்தாவின் புடவை. அவளுடைய மூக்குக்கண்ணாடி. காதோரம் அவளுக்கு இருக்கும் மச்சம், அதே இடத்தில். ஒரு தவறும் இல்லை. எல்லாம் அவ்வளவு சரியாக இருந்ததுதான் என்னை நடுங்க வைத்தது. யாரோ வெகு கவனமாக அவளைப் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார்கள்.

“நீங்க யாரும்மா?” என்றேன்.

அந்த அம்மா சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

“சுகிர்தா எங்கே?”

“என்னங்க இது, நான்தான்” என்றார். சிரிப்பு நின்றுவிட்டது.

அன்றிலிருந்து நான் அவரை ‘நீங்கள்’ என்றே அழைத்தேன். கல்யாணமான நாளிலிருந்து ‘நீ’ என்று கூப்பிட்ட மனிதர் திடீரென்று மரியாதை கொடுத்ததுதான் எல்லாவற்றையும்விட வலித்தது என்று சுகிர்தா பின்னால் சொன்னாள்.

அந்நியப் பெண் ஒருவருடன் ஒரே அறையில் படுப்பது ஊழியக்காரனுக்குத் தகாது என்று எனக்குப் பட்டது. பாயையும் தலையணையையும் எடுத்துக்கொண்டு கோயிலின் போதகர் அறைக்குப் போனேன். அந்த அம்மா பின்னாலேயே வந்தார். “வேண்டாம்மா, பார்க்கிறவங்க தப்பா நினைப்பாங்க” என்று கதவைச் சாத்தினேன். அவர் கோயில் படிக்கட்டிலேயே படுத்துக்கொண்டார். பகலில் சாப்பாடு வரும். சுகிர்தாவின் கைமணம் அப்படியே இருந்தது. இதையும் கற்றுக்கொண்டுவிட்டார்களே என்று பயந்து பயந்து சாப்பிட்டேன்.

அஞ்சலை என்னை உற்றுப் பார்த்தாள். “இன்னா சார், அம்மாவையே யாருன்னு கேட்டுகினு கீற?” என்றாள். பிறகு அந்த அம்மாவிடம் திரும்பி, “உச்சி வெயில்ல கல்லறை பக்கம் போவாதீங்கன்னு நான் அப்பவே சொன்னேன். யாரோ சாரைப் புடிச்சிக்கினாங்க” என்றாள். சபையிலிருந்து வந்த சிலரும் வேறு சொற்களில் அதையேதான் சொன்னார்கள். என் தலையில் கைவைத்து உரக்க ஜெபித்தார்கள். அவர்கள் போனதும் அந்த அம்மா ரூபாவுக்குப் போன் செய்து, “ஜெபம் பண்ணியாச்சு. இப்ப நல்ல நரம்பு டாக்டரா பாரு” என்றாராம்.

அந்த நாட்களில் ஒரு மதியம் என் செல்போனில் சுகிர்தாவின் எண்ணை அழுத்தினேன். அவள் எங்கே போனாள் என்று அவளிடமே கேட்டுவிடலாம் என்று தோன்றியது. மணி போனது.

“என்னங்க?”

அது அவள்தான். ஒரு சந்தேகமும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“எங்கம்மா போயிட்ட? இங்கே வீட்டுல யாரோ ஒருத்தங்க இருக்காங்க. உன்னை மாதிரியே இருக்காங்க.”

அந்தப் பக்கம் காற்று மட்டும் கேட்டது. சுகிர்தா அப்போது கல்லறைத் தோட்டத்தில் விளக்குமாற்றுடன் நின்றிருந்தாள், என் ஜன்னலிலிருந்து கூப்பிடும் தூரத்தில்.

“நல்லவங்களா?” என்று கேட்டாள்.

“நல்லவங்கதான். குறை சொல்ல முடியாது. ஆனா நீ வந்துடு.”

“வந்துடுறேன். கொஞ்சம் வேலை இருக்கு. அதுவரைக்கும் அவங்க குடுக்கிற மாத்திரையைப் போட்டுக்குங்க. எனக்காக.”

சரி என்றேன். சற்று நேரத்தில் அந்த அம்மா மாத்திரையும் தண்ணீரும் கொண்டுவந்தார். அவர் கண்கள் சிவந்திருந்தன. அவருக்கு என்ன கவலையோ என்று நினைத்தேன். கேட்பது நாகரிகமில்லை என்று விட்டுவிட்டேன்.

அதன்பின் குளிக்க, சாப்பிட, உடை மாற்ற எல்லாவற்றுக்கும் சுகிர்தாவின் போன் வந்தது. இந்த நிலையில் இருப்பவரைப் பராமரிக்கும் உங்களுக்கு அவள் சொல்லச் சொன்னது இது: நான்தான், நான்தான் என்று வாதாட வேண்டாம். எந்தக் கதவு திறக்கிறதோ அந்தக் கதவு வழியாகப் போங்கள்.

ஆனால் ஒரு நாள் அவள் போன் அடிப்பதற்கு முன்பே நான் கிளம்பிவிட்டேன்.

மதிய வெயிலில் கல்லறைத் தோட்டத்தின் மதில் இடிந்த இடம் வழியாக வெளியே போனது நினைவிருக்கிறது. சுகிர்தாவை எங்கோ அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று உறுதியாக நம்பினேன். குவாரியின் விளிம்பில் நின்று “சுகிர்தா!” என்று கூப்பிட்டேன். கீழேயிருந்து “சுகிர்தா” என்று ஒரு குரல் வந்தது. என் குரல் என்று எனக்குத் தெரியவில்லை. அங்கேயும் ஒருவன் அவளைத் தேடிக்கொண்டிருக்கிறான், அவனிடம் கேட்டால் தெரியும் என்று தோன்றியது. தண்ணீர் அசையாமல் கிடந்தது. இறங்குவதற்குக் கால் வைக்க இடம் பார்த்தேன். அப்போது கை வெட்டியது. தடுமாறிப் பாறையைப் பிடித்தேன்.

சட்டைப் பையில் போன் அடித்தது.

“என்னங்க, எங்கே இருக்கீங்க?” அவளுக்கு மூச்சு வாங்கியது.

“உன்னைத்தான் தேடுறேன். கீழே இருக்கியா?”

“இல்லை. கீழே இல்லை. அங்கேயே உட்காருங்க. உட்கார்ந்துட்டீங்களா?”

“உட்கார்ந்துட்டேன்.”

“இப்ப அந்த அம்மா வருவாங்க. அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு வாங்க. நான் சொல்றேன்ல, பிடிக்கலாம். தப்பில்லை.”

முள்செடிகளை விலக்கிக்கொண்டு அந்த அம்மா வந்தார். காதில் போன் இருந்தது. ஒரே வார்த்தைகள் இரண்டு இடத்திலிருந்து கேட்டன. என் காதருகே சுகிர்தா, எதிரே அவர். கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். ஆனாலும் சுகிர்தா சொல்லிவிட்டாள். கையை நீட்டினேன். அவர் கை ஜில்லென்று இருந்தது.

மறுநாளே ரூபா பள்ளிக்கரணையிலிருந்து காரோடு வந்து எங்களைக் கூட்டிப் போனாள். மருத்துவமனையில் நரம்பியல் மருத்துவர் இளம்பெண். என் பெயரையும் ஊரையும் கேட்டார். பிறகு ரூபா தன் போனில் எடுத்துவைத்திருந்த வீடியோவைக் காட்டினாள்: நான் சாப்பிடுகிறேன், கை வெட்டுகிறது, கன்னம் இழுக்கிறது. மருத்துவர் அதை மறுபடியும் ஓட்டிப் பார்த்தார்.

“இதை எடுத்தது ரொம்ப நல்லதாப் போச்சு” என்றார். “இது ஒரு வகை வலிப்பு. சோடியமும் குறைஞ்சிருக்கு, மறதியும் இருக்கு. மூணும் சேர்ந்து வந்தா நான் ஒண்ணைத்தான் முதல்ல சந்தேகப்படுவேன்.”

எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். முதுகுத்தண்டு நீரையும் ரத்தத்தையும் சோதனைக்கு அனுப்பினார்கள். சந்தேகம் உறுதியானது: ஆட்டோஇம்யூன் என்செபலைட்டிஸ் (உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பொருள்களே மூளையைத் தாக்கி உண்டாக்கும் அழற்சி). பைத்தியம் இல்லை, பேய் இல்லை, முதுமை மறதியும் இல்லை. சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் மருந்துக்குக் கட்டுப்படும் என்றார்.

“என்னை மட்டும் ஏன் தெரியலை டாக்டர்?” என்று சுகிர்தா கேட்டாளாம். “ரூபாவைத் தெரியுது. அஞ்சலையைத் தெரியுது.”

“முகத்தை அடையாளம் காணுறது ஒரு வழி, மேடம். ‘இது நம்ம ஆளு’ன்னு உள்ளே ஒரு உணர்வு வருமே, அது வேற வழி. அந்த இரண்டாவது வழி சாருக்கு அறுந்திருக்கு. முகம் சரியா இருக்கு, உணர்வு வரலை. அதனால இது வேஷம்னு மூளை முடிவு பண்ணிடுது. குரல் வேற பாதையில போகுது, அதனாலதான் போன்ல தெரிஞ்சது. பெரும்பாலும் ரொம்ப நெருக்கமானவங்க விஷயத்துலதான் இப்படி நடக்கும்.”

நரம்பு வழியாக ஸ்டீராய்டு (அழற்சியை அடக்கும் மருந்து) ஏற்றினார்கள். பிறகு இம்யூனோகுளோபுலின் (பிறர் ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்புப் புரதம்). கை வெட்டுவது முதலில் நின்றது. உப்பு மெல்ல ஏறியது. அந்த அம்மா கட்டிலருகே உட்கார்ந்து எனக்குக் கஞ்சி ஊட்டினார். நான் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

ஒரு மாலை அவர் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நான் ஜன்னலைப் பார்த்தபடி, “நீ சாப்பிட்டியா?” என்றேன்.

சொல்லிவிட்டுத் திரும்பினேன். சுகிர்தா பழத்தைக் கையில் பிடித்தபடி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். மெலிந்து போயிருந்தாள். “எப்ப வந்தே?” என்று கேட்டேன்.

“இப்பத்தாங்க” என்றாள்.

வீடு திரும்பிய பிறகும் ஸ்டீராய்டு மாத்திரைகள் தொடர்ந்தன. முகம் வீங்கிவிட்டது. கண்ணாடியில் கன்னம் உப்பிய ஒருவர் என் கண்களால் என்னைப் பார்த்தார். அது பக்கவிளைவு என்று தெரிந்தும் சவரம் செய்ய அருவருப்பாக இருந்தது. காணாமல் போன மாதங்கள் திரும்பவில்லை. ஒரு மழைக்காலமே என்னிடம் இல்லை. ரூபா சொல்லும் சம்பவங்களை வேறொருவர் வீட்டில் நடந்ததுபோல் கேட்டுக்கொள்கிறேன்.

போதும், தாம்பரத்துக்கு வந்துவிடுங்கள் என்று சபையில் சொன்னார்கள். நாங்கள் குன்றுக்கே திரும்பினோம். மதிலைக் கட்டிவிட்டார்கள், மருந்தை மெல்ல மெல்லக் குறைத்து வருகிறார்கள். மீண்டும் வரக்கூடும், கவனமாக இருங்கள் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

ஒரு பிற்பகல் சுகிர்தாவிடம் கேட்டேன்: “அந்த அம்மாவுக்கு என்மேல கோபம் இருந்திருக்குமா?”

அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “கோபம் இல்லை” என்றாள். “ஆனா ஒரு நாள் பீரோ கண்ணாடி முன்னாடி நின்னு, நீங்க யாரும்மான்னு நானே கேட்டுட்டேன். பதில் வர்றதுக்குக் கொஞ்ச நேரம் ஆச்சுங்க.”

நானும் ஒரு கைப்பிடி கீரையை எடுத்து ஆயத் தொடங்கினேன்.

இப்போது நான் கண் விழிக்கும்போது அவள் எனக்கு முன்பே விழித்திருக்கிறாள். நான் அவள் முகத்தைப் பார்க்கிறேன். கண், மூக்கு, வாய் எல்லாம் முதலில் வந்து நிற்கின்றன. அவள் கொஞ்சம் பிந்தி வருகிறாள். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. ஒரு மூச்சுக்குக் குறைவாக இருக்கலாம். அவள் அசையாமல், கண்ணை எடுக்காமல், நான் கூப்பிடக் காத்துப் படுத்திருக்கிறாள்.

“சுகிர்தா” என்கிறேன்.

“ம்” என்று சொல்லிவிட்டு அவள் எழுந்து போகிறாள்.