ஆறு பேருக்குக் கட்டின புளிசாதம்

என் பேரு நீலாயதாட்சி. கோட்டுச்சேரியில நீலாக்கான்னு கேட்டாத்தான் தெரியும். பொண்ணுங்க பள்ளிக்கூடத்து லேப்ல இருவத்தாறு வருசமா அட்டெண்டர். குடுவை கழுவறது, மேசை தொடைக்கறது, அவ்வளவுதான் உத்தியோகம். ஆனா ராக்கெட்டுல எத்தனை கட்டம், எதுல என்ன எரிபொருள்னு யாராச்சும் கேக்கட்டும், சொல்றேன். பிள்ளைங்க தெர்மோகோல்ல செஞ்சு வச்சதைத் தூசி தட்டித் தட்டியே கத்துக்கிட்டது. ராக்கெட் வுடற அன்னைக்கு டிவி முன்னாடி மொத ஆளா நாந்தான் நிப்பேன்.

கல்யாணம் காட்சின்னு எனக்கு ஒண்ணும் ஆவல. அம்மா போனப்ப தம்பி நவநீதனுக்கு ஏழு வயசு. வளத்தேன், படிக்க வச்சேன், பிரதீபாவைக் கட்டி வச்சேன். பெருமைக்குச் சொல்லல, நடந்ததைச் சொல்றேன்.

போன மாசம் அவனே வந்தான். "அக்கா, மெட்ராஸ் தாண்டி ராக்கெட் மியூசியம் பாக்கணும்னு சொல்லிக்கிட்டே இருப்பல்ல, வேன் வச்சுப் போறோம்"ன்னான். எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. முன்கூட்டியே பேரு பதியணும்னு ஆதார் நகல் கேட்டான், ஒண்ணுக்கு ரெண்டா குடுத்தேன். அவன், பிரதீபா, அவ அப்பா அம்மா, தங்கச்சி, நானு, ஆறு பேரு. "மாமாவுக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்காதுக்கா"ன்னான். முந்தின நாளே புளிக்காய்ச்சல் காய்ச்சி, விடியறதுக்குள்ள சோறு வடிச்சுக் கிளறி, வாழையிலையில ஆறு பொட்டலம் கட்டினேன்.

போய்ச் சேர மத்தியானம் ஆயிடுச்சு. பாத்துட்டு வந்து சாப்பிடலாம்னாங்க. வாசல்ல காவலாளி லிஸ்ட்டை வச்சுக்கிட்டுப் பேரு பேரா கூப்பிட்டாரு. அஞ்சு பேரைக் கூப்பிட்டு முடிச்சாச்சு. என் பேரு வரல.

"ஒரு பதிவுக்கு அஞ்சு பேருதானாம்க்கா. நீ வேன்ல சோத்தைப் பாத்துக்க, வந்துர்றோம்." மூஞ்சியைப் பாக்காமலே சொல்லிட்டுப் போயிட்டான்.

நம்பினேங்க. புள்ளை என்ன பண்ணுவான்னு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன். ஆசை வுடல. காவலாளிக்கிட்டப் போய், "இப்ப ஒரு பேரு சேக்க முடியுமாய்யா?"ன்னு கேட்டேன்.

"இங்க முடியாதும்மா. பதிவு பண்ணும்போதே போட்டிருக்கணும். பத்து பேரு வரைக்கும் போடலாமே, உங்க வீட்டுல அஞ்சுதான் போட்டிருக்காங்க."

அடப்பாவி! சமைச்சுப் போட வாக்கான்னு கூப்பிட்டிருந்தாக்கூட வந்திருப்பேனே. ராக்கெட்டைக் காட்டறேன்னுல்ல கூட்டியாந்தான்! வேன்ல ஒக்காந்து அழுதேன். டிரைவர் பாத்தாரு, பாக்கட்டும்.

பக்கத்து வேன்ல பள்ளிக்கூடத்துப் பொண்ணுங்க, அவுங்க முறை வர்ற வரைக்கும் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பங்கு போட்டுக்கிட்டு இருந்துதுங்க. "வாங்கடி"ன்னேன். அஞ்சு பொட்டலத்தையும் பிரிச்சு வச்சேன். மொதக் கட்டம் திட எரிபொருள், ரெண்டாவது திரவம், மறுபடி திடம், மறுபடி திரவம்னு சொல்லிக்கிட்டே பரிமாறினேன். ஒரு பொண்ணு, "நீங்க டீச்சரா?"ன்னு கேட்டுச்சு. சிரிச்சுட்டேன். ஆறாவது பொட்டலத்தை நானே தின்னேன், டிரைவருக்கும் பாதி குடுத்து.

மூணு மணிக்கு வந்தாங்க. "சூப்பர்க்கா, பசி உயிரு போவுது, சோறு எங்க?"ன்னான் நவநீதன்.

"காவலாளி எல்லாத்தையும் சொல்லிட்டாரு தம்பி. என் சோத்து லிஸ்ட்டுல உங்க அஞ்சு பேரும் இல்லை."

அவன் மூஞ்சி செத்துப்போச்சு. ஏழு வயசுலேருந்து அவன் பசின்னு கேட்டு நான் இல்லைன்னு சொன்னது அன்னைக்கு ஒரு நாளுதான்.