பெட்டிக்குள் வற்றிய கடல்

திருகோணமலையில் கடல் தெரியாத வீடு தேடியவள் நான். ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் திறந்த கடல், நடுவில் ஊர் என்று பெயருக்கு ஒரு துண்டு நிலம். வீட்டுத் தரகர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தங்கச்சி, நீங்கள் கடலில்லாத அனுராதபுரத்திலதான் வீடு பாக்கவேணும்" என்றார். கடைசியில் உயர்ந்த மதில்களுக்கு நடுவே ஓர் ஒழுங்கைக்குள் கிடைத்தது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா என்று கணவர் கேலி செய்வார். எனக்கு மட்டும் இருண்டால் போதும் என்பேன்.

அம்மா எங்கள் கடற்கரைக் கிராமமான சல்லியிலேயே இருந்துவிட்டார். கடல் ஊருக்குள் வந்த சுனாமி நாளில் தங்கையைப் பறிகொடுத்த அதே கரையில், அதே வளவில் மறுபடி கட்டிய வீடு. கல்யாணமாகி நகரத்துக்கு வந்தபின் நான் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. அம்மாதான் பஸ் ஏறி என்னைப் பார்க்க வருவார். போன வருடம் அவருடைய முழங்கால் மடங்க மறுத்துவிட்டது.

"இனி என்னால பஸ் ஏற ஏலாது. நீ வந்தால்தான் உண்டு. வராட்டில் செத்தவீட்டுக்கு எண்டாலும் வா" என்று போனில் சொன்னார். கோபத்தில் சொன்னதல்ல. அதனால்தான் எனக்குப் பயம் பிடித்தது.

தங்கை போன கதை சல்லியில் எல்லோருக்கும் தெரியும். அது நான் சொன்ன கதை. எனக்கு அப்போது பதினொரு வயது, அவளுக்கு எட்டு. தண்ணீர் முதலில் முழங்காலளவு வந்து திரும்பிப் போனது. பிறகு கடல் வற்றியது. அதுவரை யாரும் பார்த்திராத கற்களும் பாசியும் வெளியே தெரிந்தன, மீன்கள் சேற்றில் துடித்தன. மீன் பொறுக்க நாங்கள் இருவரும் ஆளுக்கொரு சட்டியோடு இறங்கினோம். நான் மட்டும் திரும்பி வந்தேன். அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கியபோது, "நான் கூப்பிட்டனான், அவள் வரேல்லை" என்றேன்.

அந்த வசனத்தை அம்மா இருபது வருடம் வைத்திருந்தார். ஒவ்வோர் ஆண்டுத் திவசத்துக்கும் படையல் வைத்துவிட்டு, தங்கையின் படத்தைப் பார்த்துத் திட்டுவார். "அக்கா கூப்பிடக் கூப்பிடப் போனவள்தானே நீ. சொல்லுக் கேக்காத பிள்ளை." அயலட்டையில் பிள்ளைகளை அதட்டுவதற்கும் அவள்தான் உதவினாள். சொல் கேளாமல் போனவளுக்கு என்ன நடந்தது என்று தெரியுந்தானே என்பார்கள். எனக்கோ, நான் கூப்பிட்ட குரல் காதிலேயே இருந்தது. தொண்டை கிழியக் கத்தியது நினைவிருந்தது. அதைச் சந்தேகிக்க எனக்கு ஒரு காரணமும் இருக்கவில்லை.

கடல் பயம் போனால்தான் சல்லிக்குப் போகலாம். நகரத்தில் ஒரு சிறிய அறையில் மனப் பயங்களுக்கு உளவளத்துணை கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஒரு சனிக்கிழமை காலை போனேன். வீட்டில் ஆள் இல்லாததால் மகளையும் கூட்டிப் போனேன். அவளுக்கும் எட்டு வயது. அங்கிருந்தவர் மலைநாட்டிலிருந்து வந்த இளம் பெண். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, முகத்தில் மாட்டிப் படம் பார்க்கிற ஒரு பெட்டியை மேசையில் வைத்தார். அதற்குள் ஓர் அமைதியான கடற்கரை இருக்கிறதாம். பார்க்கப் பார்க்க மனம் பழகிவிடுமாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. "இந்த ஊரில எங்க திரும்பினாலும் கடல். அதை விட்டிட்டுப் பெட்டிக்குள்ள கடல் பாக்கிறதோ மிஸ்?"

"பெட்டிக்குள்ள இருக்கிற கடல் ஒண்ணும் செய்யாது அக்கா" என்றார்.

மகளை எனக்குப் பின்னால் மர வாங்கில் இருத்தி, கையில் ஒரு பிஸ்கட் பக்கற்றைக் கொடுத்தேன். மிஸ் பெட்டியை மாட்டினார்.

சாம்பல் வானம், நீண்ட மணல், காற்றில் சாயும் புல். ஆள் நடமாட்டமே இல்லை. படம்தானே என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன். பிறகு குனிந்து பார்த்தேன். எனக்குக் கால்கள் இல்லை. நான் நின்ற இடத்தில் மணல் மட்டும் இருந்தது, அதில் ஒரு தடமும் இல்லை. சந்தேகமான ஆளை வழியில் கண்டால் முதலில் காலைப் பார், பேய்க்குக் கால் நிலத்தில் படாது என்று சின்ன வயதில் சொல்லுவார்கள். அந்தக் கரையில் பேய் என்று யாராவது இருந்தால் அது நான்தான்.

அப்போது எனக்குப் பின்னால் பிஸ்கட் பக்கற் சரசரத்தது. திரும்பினேன். வெறும் புல். அந்தப் புல்லுக்குள்ளிருந்து ஒரு பிள்ளை இருமியது. என் மகள்தான், வாங்கில்தான் இருக்கிறாள் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்தக் கரையில் எனக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஓர் எட்டு வயதுப் பிள்ளை நின்றுகொண்டிருந்தது. மறுபடி கடலைப் பார்த்தேன்.

தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

எங்கள் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் ஒரு முழம்தான் வித்தியாசம். ஒரே ஒரு நாள்தான் கடல் அடிமடி தெரிய வற்றியது. இந்தக் கடலும் சத்தமில்லாமல் விலகியது. ஈர மணல் அகன்றுகொண்டே போனது. கற்கள் தெரிந்தன, பாசி தெரிந்தது. படம் என்பது அறிவுக்குத் தெரிந்திருந்தது, காலுக்கு யாரும் சொல்லவில்லை. இல்லாத அந்தக் கால்களால் நான் ஓடினேன். நெற்றி கதவு நிலையில் மோதியது. அதற்கும் நிற்காமல் நடைபாதைச் சுவரில் போய் இடித்து விழுந்தேன்.

மிஸ் ஓடி வந்து பெட்டியைக் கழற்றினார். படத்தில் இருந்தது ஏதோ ஒரு குளிர் தேசத்துக் கரையாம். அங்கே கடல் தினமும் அரை மைல் உள்ளே போய்த் திரும்பி வருமாம். ஆட்கள் அந்த ஈரத்தில் நாயோடு உலாவப் போவார்களாம். "எனக்குத் தெரியாமப் போச்சே அக்கா. எங்க ஊருல கடலே இல்லையே" என்று அழுகிற குரலில் சொன்னார். அவரைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை.

மகள் கதவடியில் நின்றாள். "அம்மா, நான் பின்னுக்கு இருந்தனான். ஏன் என்னை விட்டிட்டு ஓடினீங்கள்?"

"நான் கூப்பிட்டனான் பிள்ளை" என்றேன். யோசிக்கவே இல்லை. "உனக்குத்தான் கேக்கேல்லை."

"இல்லை அம்மா. நீங்கள் கத்தவே இல்லை. வாய் திறந்து இருந்தது, சத்தம் வரேல்லை. மிஸ்ஸைக் கேளுங்கோ."

நான் மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார். என் காதில் இன்னும் அந்த அலறல் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது அலறியதும் அன்று அலறியதும் ஒரே குரல், இரண்டும் என் மண்டைக்குள் மட்டும் இருந்த குரல். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். நான் மறைத்ததை எனக்கே தெரியாமல் மறைத்திருந்தேன். அங்கேயே நிலத்தில் இருந்து அழுதேன். மகள் என் பக்கத்தில் வர யோசித்தாள். அதை என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமை மகளோடு ஆட்டோ பிடித்துச் சல்லிக்குப் போனேன். கடல் கண்ணில் பட்டது. அது தன் பாட்டில் கிடந்தது. இவ்வளவு காலமும் நான் ஓடி ஒளிந்தது அதற்கா என்று அப்போது சந்தேகம் வந்தது.

அம்மா முற்றத்தில் கதிரையில் இருந்து, மடியில் வைத்த சுளகில் நெத்தலிக் கருவாட்டைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார், முழங்கால் விடவில்லை. மகளை உள்ளே அனுப்பிவிட்டு, அவர் காலடியில் இருந்து சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

"அம்மா, நான் அவளைக் கூப்பிடேல்லை. திரும்பியும் பாக்கேல்லை. நான் மட்டும் ஓடி வந்தனான்."

அம்மாவின் கை சுளகில் நின்றது. "ஒருக்காலும் கூப்பிடேல்லையோ?"

"இல்லை."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். அவர் சுளகைக் கீழே வைத்துவிட்டு, என்னை உள்ளே போய்த் தங்கையின் படத்தை எடுத்து வரச் சொன்னார். கொண்டுவந்து கொடுத்தேன். மடியில் வைத்து, சேலைத் தலைப்பால் கண்ணாடியை மெதுவாகத் துடைத்தார். அந்த முகத்தில் அப்படியொரு கனிவை நான் இருபது வருடமாகக் காணவில்லை. என்னை அவர் பார்க்கவே இல்லை.

"கூப்பிட்டிருந்தா வந்திருப்பாய், என்ன மகள்?" என்று படத்திடம் கேட்டார்.